வளைவு வைத்த வரம்பு

சேர்வராயன் பாதைகள்: 11

சென்ற இதழில் காபி மூட்டை சுமந்த பொதிமாடுகளோடு மலையிறங்கி அடிவாரத்தில் வந்து நின்றோம். இந்த இதழில் திரும்பவும் மேலே ஏற வேண்டும், இந்த முறை மோட்டார் வண்டியில். மோட்டார் வந்த கையோடு ஒரு வழக்கும் மலையேறி வந்தது. இந்தப் பாதையில் எவ்வளவு வேகமாகப் போகலாம், அதைச் சொல்லும் உரிமை யாருக்கு என்கிற அந்த வழக்கு இன்றுவரை தீர்ந்தபாடில்லை.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காபியை ஊன்றிய காலத்தில் இப்படியொரு கேள்விக்கே இடமில்லை. மலைவாசிகள் நடந்தார்கள். துரைமார் குதிரையில் போனார்கள். குதிரையேற முடியாதவர்களை நாற்காலியில் உட்காரவைத்து ஆட்கள் தோளில் தூக்கிப் போனார்கள். 1860களின் தொடக்கத்தில் ரயில் சேலத்தைத் தொட்ட பிறகும், ஸ்டேஷனில் இறங்கியவருக்கு மலை அதே பழைய மலைதான். சமவெளியில் நீராவி இழுத்து வந்த ஆள், அடிவாரம் தாண்டியதும் மாட்டின் மூச்சுக்கும் சுமைகாரரின் முழங்காலுக்கும் கட்டுப்பட்டாக வேண்டும். மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டருக்கு மேல் எவராலும் போக முடியாத இடத்தில் வேகத்துக்குச் சட்டம் எதற்கு?

மோட்டார் பிறந்த சீமையிலோ சட்டம் வண்டிக்கு முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் 1865-ல் போட்ட சட்டப்படி, சாலையில் வரும் நீராவி வண்டி ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல்தான் போகலாம். வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடி பிடித்து நடக்க வேண்டும். 1896-ல் இதை 14 மைலாக உயர்த்தினார்கள், 1903-ல் 20 ஆக்கினார்கள். 1930-ல் கார்களுக்கு வரம்பே வேண்டாம் என்று எடுத்தேவிட்டார்கள். ஐந்தே ஆண்டு. 1935 மார்ச்சில், வீடுகள் நெருங்கிய தெருக்களில் 30 மைலுக்கு மேல் கூடாது என்று திரும்பவும் கொண்டுவர வேண்டியதாயிற்று. எடுப்பதும் போடுவதுமான இந்த விளையாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எண்பது ஆண்டு கழித்து நம் ஊரிலும் வரப்போகிறது.

சென்னை மாகாணம் 1907-ல் தனக்கென ஒரு மோட்டார் வாகனச் சட்டத்தை இயற்றியது. வங்காளமும் பம்பாயும் அதற்கு முன்பே இயற்றியிருந்தன. இவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து 1914-ல் நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வந்தது. அந்தச் சட்டம் செய்த ஒரு காரியம் கவனிக்கத் தக்கது. இந்தியா முழுவதற்கும் இத்தனை மைல் என்று எந்த எண்ணையும் அது சொல்லவில்லை. பொதுமக்களுக்கு ஆபத்து நேரும்படி ஓட்டக் கூடாது என்று பொதுவாக ஒரு குற்றத்தை வரையறுத்துவிட்டு, வேகத்துக்கு விதி வகுக்கும் வேலையை மாகாண அரசுகளிடம் தள்ளிவிட்டது. டில்லியில் உட்கார்ந்துகொண்டு ஏற்காட்டுக்கும் மவுண்ட் ரோட்டுக்கும் ஒரே எண்ணை எழுத முடியாது என்று அன்றைக்கு அவர்களுக்குப் புரிந்திருந்தது. பின்னால் வந்தவர்களுக்கு அவ்வளவாகப் புரியவில்லை என்பது என் அபிப்பிராயம்.

எண்ணை எழுதும் வேலையை ஏற்காட்டில் வேறொருவர் ஏற்கெனவே முடித்துவைத்திருந்தார். பாறைதான் அவர்.

சேர்வராயன் மலையின் உடம்பு சார்னக்கைட் என்னும் கருங்கல். பல்லாவரத்துக் குன்றுகளும் இதே இனம். பல்லாவரத்தில் 1863-ல் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் ஓய்வுக்காலத்தில் வந்து குடியிருந்ததும் இந்த ஏற்காட்டில்தான். மேலே உச்சிகளில் பாக்சைட் தொப்பி, கீழே கருங்கல். இந்தக் கல்லை உடைத்துப் பாதை போடுவது லேசான காரியமல்ல. ஓர் அடி அகலம் கூட்டினால் வெடிமருந்துச் செலவு எங்கோ போய்விடும். ஆகவே பாதை போட்டவர்கள் மலையை முடிந்தவரை குறைவாகவே வெட்டினார்கள். சரிவை ஒட்டியே நீளமாக இழுத்துப் போய், இனி முடியாது என்கிற இடத்தில் சட்டென்று திருப்பினார்கள். அப்படித் திரும்பிய இடங்கள் அடிவாரத்திலிருந்து எண்ணிக்கொண்டே போனால் இருபது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறது பாதை.

இந்த வளைவு வேகத்தை எப்படி முடிவு செய்கிறது என்று பார்ப்போம். கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாட்டின் சாலைகளுக்கு அளவு சொல்லும் இந்திய சாலைகள் காங்கிரஸ் 1934-ல் தொடங்கியது. ஏற்காட்டுப் பாதை அதற்கு மூத்தது. ஆனாலும் மலைச்சாலைக்கு அந்த அமைப்பு வகுத்த கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டால் பழைய வளைவின் தர்க்கம் தெளிவாகத் தெரியும். கொண்டை ஊசி வளைவின் உள்விளிம்பு குறைந்தது 14 மீட்டர் ஆரம் இருக்க வேண்டும். வெளிவிளிம்பைத் தூக்கி, பத்துக்கு ஒன்று என்ற அளவில் சாலையை உள்பக்கம் சாய்க்க வேண்டும். வளைவுக்குள் ஏற்றம் நாற்பதுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவே நேர்ச்சாலை 60 மீட்டராவது வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு, வளைவில் வண்டியின் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்று முடிக்கிறது கையேடு.

அந்த 20 எங்கிருந்து வந்தது? சாய்வு பத்தில் ஒரு பங்கைத் தாங்கும். டயருக்கும் தாருக்கும் உள்ள பிடிப்பில், மழை, தேய்மானம் எல்லாவற்றையும் உத்தேசித்து, நூற்றுக்குப் பதினைந்து பங்கைத்தான் பொறியாளர்கள் நம்புகிறார்கள். இரண்டும் சேர்ந்து வண்டியின் எடையில் கால் பங்கு. 14 மீட்டர் வட்டத்தில் சுற்றும் வண்டியை வெளியே தள்ளும் விசை, எடையில் கால் பங்கை எட்டும் வேகம் ஏறக்குறைய 21 கிலோமீட்டர். அவ்வளவுதான் விஷயம். எந்தக் கலெக்டரும் எந்த அமைச்சரும் உட்கார்ந்து யோசித்துச் சொன்ன எண் இல்லை அது. கல்லை எவ்வளவு உடைக்க முடிந்ததோ அவ்வளவு ஆரம். ஆரம் எவ்வளவோ அவ்வளவு வேகம். அதே வளைவில் 40-ல் வந்தால் வெளியே தள்ளும் விசை இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும்.

இந்தக் கணக்கைப் படிக்காமலே கையிலும் காலிலும் வைத்திருப்பவர்கள் மலைப்பாதை ஓட்டுநர்கள். சேலத்திலிருந்து மேலே போகும் பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இடம் கிடைத்தால் பாருங்கள். வளைவுக்கு நாற்பது, ஐம்பது மீட்டர் முன்பே ஹார்ன் ஒலிக்கும். கை கியருக்குப் போகும். செகண்ட் கியரில் இறங்கியதும் வண்டி ஒருமுறை உறுமும். பஸ் உள்பக்கம் திரும்பாமல் முதலில் வெளிவிளிம்பை நோக்கிப் போகும். புதிதாக ஏறியவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடிக்கும் இடம் அது. முன்சக்கரம் விளிம்பை எட்டியபின் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிப்பார். பின்சக்கரம் உள்மூலையை உரசிக்கொண்டு வரும். பஸ்ஸின் நீளத்துக்கு அந்த வளைவில் வேறு வழி கிடையாது. எதிரே லாரி வந்துவிட்டால் கண்டக்டர் பின்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “வரட்டும்ண்ணே, வரட்டும், வரட்டும்... போதும்” என்று ஓரம் சொல்வார். பழைய லாரிகளில் இதற்கென்றே கிளீனர் இருந்தார். ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் மரக்கட்டையோடு குதித்து ஓடி, பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டியது அவர் பொறுப்பு. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இந்த மலையிலிருந்து பாக்சைட் இறங்கிய காலத்தில், கட்டை போடத் தெரியாத கிளீனரை எந்த டிரைவரும் கூட்டிப் போக மாட்டார்.

இந்தத் தொழில் வழக்கங்களில் ஒன்று சட்டமாகவே ஆனது. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்று மலைப்பாதையில் எல்லோரும் சொல்வார்கள். ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி கிளப்புவது பெரும்பாடு. கிளட்ச் தீய்ந்துபோகும், வண்டி பின்னால் உருளும். 1989-ல் வந்த சாலை விதிகளில் இது அப்படியே ஏறியது. இரண்டு வண்டி தாராளமாக ஒதுங்க இடமில்லாத மலைச்சாலையில், இறங்கி வருபவர் ஓரமாக நிறுத்தி, ஏறுபவர் போக விட வேண்டும். வழக்கத்திலிருந்து எழுந்த விதி என்பதால் இதற்கு ஏற்காட்டில் போலீஸ்காரர் தேவைப்படுவதில்லை. சமவெளியிலிருந்து வரும் வாடகைக் கார்களைத் தவிர.

மற்றொரு வழக்கம் அந்த அளவுக்கு எடுபடவில்லை. எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பார்கள். ஏறும்போதுதான் என்ஜினுக்கு வேலை, இறங்கும்போது அது சும்மா இருக்கலாம் என்று நினைப்பவர்கள், டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறார்கள். அப்போது மொத்த மலையையும் பிரேக்கே தாங்க வேண்டும். பதினைந்து டன் எடையுள்ள ஒரு பஸ் ஆயிரம் மீட்டர் உயரத்தை இழந்து கீழே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரத்தில் சேர்ந்திருந்த ஆற்றல் முழுவதும் எங்கேயாவது போயாக வேண்டும். கணக்குப் பார்த்தால், நானூறு லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான சூடு. கல்யாண வீட்டு அண்டாக்களை வரிசையாக வைத்த மாதிரி. என்ஜின் அதில் தன் பங்கை எடுத்துக்கொள்ளாவிட்டால் அத்தனையும் நான்கு பிரேக் டிரம்களுக்குள் இறங்கும். லைனிங் காய்ந்து, கருகல் வாசனை வரும். அதன்பின் பெடலை எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. மலையில் “பிரேக் பிடிக்கல” என்ற செய்தியைப் படிக்கும்போது, அந்தப் பிரேக் கடைசி வளைவில் கெட்டுப்போனது என்று எண்ண வேண்டாம். ஏழெட்டு வளைவுக்கு முன்பே கெடத் தொடங்கியிருக்கும்.

2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பஸ் ஒன்று 13-வது கொண்டை ஊசி வளைவுப் பக்கம் தடுப்பை உடைத்துக்கொண்டு கீழே விழுந்தது. கோடைக் கூட்டம் நிரம்பியிருந்த நாள். குறைந்தது ஐந்து உயிர் போனது, ஐம்பது பேருக்கு மேல் காயம். பாதையின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இந்த விபத்தின் கொடூரம் இன்னும் விளங்கும். கொண்டை ஊசிப் பாதையில் மேலே ஒரு வளைவை விட்டுத் தவறிய வண்டி காட்டுக்குள் மட்டும் விழுவதில்லை. கீழே போகும் அதே சாலையின் அடுத்த மடிப்பின் மேலும் விழக்கூடும்.

இப்படி ஒன்று நடந்ததும் எழும் முதல் குரல், வேக வரம்பை இன்னும் குறை என்பது. குறைக்கிற அதிகாரம் யாருக்கு இருக்கிறது, எப்படிக் குறைக்க வேண்டும் என்று சட்டத்தைப் புரட்டினால் சுவாரசியமான சில சங்கதிகள் கிடைக்கின்றன.

1914-ம் ஆண்டுச் சட்டம் போய் 1939-ல் ஒன்று வந்தது. அதுவும் போய், 1988-ல் இயற்றி 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டம்தான் இப்போது ஆள்கிறது. அதன் 112-வது பிரிவு இரண்டு அடுக்குகளாக இருக்கிறது. மேல் அடுக்கில், ஒவ்வொரு வகை வண்டிக்கும் உச்ச வேகத்தை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. கீழ் அடுக்கில், ஒரு குறிப்பிட்ட சாலையின் அல்லது பாலத்தின் தன்மையாலோ, பொதுமக்களின் பாதுகாப்பை, வசதியை முன்னிட்டோ இன்னும் குறைக்க வேண்டும் என்றால், மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்த அதிகாரியோ குறைக்கலாம். அதற்கு இரண்டு நிபந்தனை. அரசிதழில் அறிவிக்கை வர வேண்டும். சாலையில் முறைப்படி பலகை நிற்க வேண்டும். ஒரு சலுகையும் உண்டு. ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டுப்பாடு என்றால் அரசிதழ் தேவையில்லை. மண்சரிந்த இடத்துக்கும், திருவிழாவுக்கும், சாலைப் பணிக்கும் இந்த ஒரு மாதச் சலுகைதான் கைகொடுக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டுப் பாதையில் மண் சரிந்தபோது அரசிதழ் அச்சாகி வரும்வரை எவராலும் காத்திருக்க முடியாதல்லவா.

அப்படியானால், சாலையோரம் யாரோ நல்லெண்ணத்தில் பெயின்ட் அடித்து வைத்த ‘மெதுவாகச் செல்லவும்’ பலகை ஒரு வேண்டுகோள் மட்டுமே. சிவப்பு வட்டத்துக்குள் எண் எழுதி, பின்னால் அறிவிக்கையும் இருந்தால்தான் அது கட்டளை. மலைப்பாதையில் நாம் அதிகம் பார்ப்பது முக்கோணப் பலகைகள். அவை எச்சரிக்கை. வட்டத்தை மீறினால் அபராதம், முக்கோணத்தை மீறினால் விதி.

அபராதம் போடவும் ஒரு முட்டுக்கட்டை வைத்திருக்கிறது சட்டம். வண்டி வேகமாக வந்தது என்று தனக்குத் தோன்றியதாக ஒரே ஒரு சாட்சி சொன்னால் போதாது. கருவி வைத்து அளந்திருக்க வேண்டும். நியாயமான விதிதான். ஆனால் வேகம் அளக்கும் கருவிக்கு வண்டி கொஞ்ச தூரமாவது நேராக வர வேண்டும். இருபது வளைவில் அதற்கான இடத்தை நீங்களே தேடிப் பாருங்கள்.

மேல் அடுக்கின் கதை வேறு மாதிரி. 1989-ல் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் 65 கிலோமீட்டர், மோட்டார் சைக்கிளுக்கு 50. சொந்தக் காருக்கோ வரம்பே இல்லை! அம்பாசடரும் மாருதியும் ஓடிய காலம், எங்கே போய்விடப் போகிறது என்று விட்டுவிட்டார்கள்போல. 2014 ஆகஸ்டில் காருக்கு 100 என்று கட்டினார்கள். 2018 ஏப்ரல் 6 அன்று அந்த உச்சத்தை உயர்த்தினார்கள். விரைவுச்சாலையில் 120, நடுத்தடுப்புள்ள நான்குவழிச் சாலையில் 100, நகராட்சி எல்லைக்குள் 70, மற்ற சாலைகளில் 70. இந்த அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் என். கிருபாகரன், டி.வி. தமிழ்செல்வி அமர்வு 2021-ல் ரத்து செய்தது. சாலை விபத்தில் படுகாயமடைந்த ஒருவரின் இழப்பீட்டு மேல்முறையீட்டை விசாரிக்கும்போது, விபத்துக்கு வேகமே முதல் காரணம் என்று தெரிந்திருந்தும் வரம்பை ஏன் உயர்த்தினீர்கள் என்று நீதிமன்றம் கேட்டது. இங்கிலாந்தில் 1930-லும் 1935-லும் நடந்ததற்கு நம் பங்கு இது.

ரத்தான அந்தப் பட்டியலில் ‘மற்ற சாலைகள் 70’ என்று இருந்த வரியில் கொஞ்சம் நில்லுங்கள். ஏற்காடு நகராட்சி அல்ல. ஏரிக்கரைச் சாலையும், அண்ணா பூங்கா வாசலும், ஒண்டிக்கடை முனையும் அந்தப் பட்டியலின் கண்ணுக்கு மற்ற சாலைகள்தாம். கீழ் அடுக்கில் யாரும் எதுவும் செய்யாமல் விட்டால், படகுத்துறைக்கு முன்னால் வறுத்த வேர்க்கடலை வாங்கிக்கொண்டு சாலையைக் கடக்கும் குடும்பத்தின் பக்கத்தில் 70-ல் போவது, அந்தப் பட்டியலின்படி வேகக் குற்றம் ஆகாது.

மலைப்பாதையைவிட எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான். வளைவில் பாறை காவல் நிற்கிறது. மேலே ஏறி முடித்து, இருபதாவது வளைவைத் தாண்டியதும், இதுவரை அடங்கி வந்த வண்டிக்குத் திடீரென்று நேர்ச்சாலை கிடைக்கிறது. நாகலூர்ப் பக்கமும், காபித் தோட்டங்களைச் சுற்றிவரும் லூப் ரோட்டிலும் அப்படித்தான். அங்கே நடப்பவர்கள் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். நடைமேடை கிடையாது. மாலையில் பனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது.

இப்படிப்பட்ட உள்ளூர்ச் சாலைக்கு எண் வைக்கும் முறைகள் உலகத்தில் இரண்டு உண்டு. ஒன்று அமெரிக்கப் பொறியாளர்கள் வளர்த்தது. சாலையில் தடையில்லாமல் ஓடும் வண்டிகளின் வேகத்தை அளந்து, நூற்றுக்கு 85 பேர் எந்த வேகத்துக்குள் ஓட்டுகிறார்களோ அதை ஒட்டி வரம்பை வைப்பார்கள். பெரும்பாலோர் அறிவோடுதான் ஓட்டுகிறார்கள் என்ற நம்பிக்கை அதன் அடியில் இருக்கிறது. நெடுஞ்சாலைக்கு அது பொருந்தலாம். தெருவில் அந்தக் கணக்கெடுப்பில் ஓட்டுப் போடுகிறவர்கள் ஓட்டுகிறவர்கள் மட்டுமே. நடக்கிறவருக்கு அங்கே வாக்குச்சீட்டு இல்லை. மற்ற முறை எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குகிறது. மோதினால் மனித உடம்பு எதைத் தாங்கும் என்று முதலில் கேட்கிறது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1992-ல் பெருஞ்சாலைகள் நீங்கலாக ஊர் முழுவதற்கும் 30 கிலோமீட்டர் என்று அறிவித்தது. பாரிஸ் 2021-ல் அதே வழிக்கு வந்தது. மணிக்கு 30 என்றால் நொடிக்கு எட்டு மீட்டர் சொச்சம். ஓட்டுபவர் திடுக்கிட்டுக் காலை வைக்கும் ஒரு நொடியையும் சேர்த்து, காய்ந்த சமதளச் சாலையில் பதின்மூன்று, பதினான்கு மீட்டருக்குள் நின்றுவிடலாம். 60-ல் அதே வண்டிக்கு முப்பத்தைந்து மீட்டருக்கு மேல் வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்த 30 எழுத்தில் வந்தது சென்னையில். அதுவும் ஒரு தடுமாற்றத்துக்குப் பிறகு. 2023 ஜூனில் ரேடார் கருவிகளோடு 40 கிலோமீட்டர் வரம்பை அமல்படுத்தப் போவதாகப் போக்குவரத்துப் போலீசார் சொன்னதும் ஊர் பொங்கியது. சைக்கிள்கூட அந்த வேகத்துக்கு மேல் போகுமே என்று கேலி கிளம்பியது. போலீசார் பின்வாங்கினார்கள். சாலைகளைத் திரும்பவும் ஆராய்ந்து, நவம்பர் 4 முதல் புதுப்பட்டியல் கொண்டுவந்தார்கள். கார்களுக்கு 60, கனரக வண்டிகளுக்கும் இரு சக்கர வண்டிகளுக்கும் 50, ஆட்டோவுக்கு 40. குடியிருப்புத் தெருக்களில் எந்த வண்டியானாலும் 30. மேலே உள்ள எண்களைப் பற்றித்தான் ஊரெங்கும் பேச்சு நடந்தது. கடைசி வரிதான் முக்கியமானது என்பது என் கட்சி. ஏரிக்கரைக்கும் ஒண்டிக்கடைக்கும் தேவைப்படுவது அந்தக் கடைசி வரி.

மலைப்பாதையைப் பொறுத்தவரை, எண்ணைவிட நேரமும் திசையும் நன்றாக வேலை செய்கின்றன. திருமலையில் பாருங்கள். 1944-ல் திறந்த பழைய மலைச்சாலை இறங்க மட்டும், 1970களில் வந்த இரண்டாவது சாலை ஏற மட்டும். எதிரெதிர் மோதல் என்ற பேச்சே எழாது. நுழைவாயிலில் நேரம் குறித்த சீட்டுக் கொடுப்பார்கள். ஏறக் குறைந்தது 28 நிமிடம், இறங்க 40 நிமிடம் ஆக வேண்டும். அதற்கு முன்பே போய் நின்றால் அபராதம். கேமரா, ரேடார் எதுவும் வேண்டாம். ஒரு கடிகாரம் போதும். முன்னால் பறந்துபோனவர்கள் கடைசி வளைவுக்கு முன் வண்டியை ஓரங்கட்டி நேரத்தைக் கழிப்பதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். அந்த நேரத்தில் அவர்கள் பிரேக்காவது ஆறுகிறது. நீலகிரியில் வேறு வழி பிடித்தார்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவு, சரிவோ படுமோசம். 2018 அக்டோபரில் ஒரு கார் பள்ளத்தில் விழுந்து ஐந்து பேர் இறந்ததும், இரண்டு நாள் கழித்தே அந்தக் கார் இருந்த இடம் தெரிந்ததும் பெரும் அதிர்ச்சியானது. அதன்பின் வெளியூர் வண்டிகள் அந்த வழியில் இறங்கவே தடை.

ஏற்காடு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கோடை விழா, மலர்க் கண்காட்சி என்று மே மாதக் கூட்டம் வரும்போது, கோரிமேடு, அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கும்படி ஒருவழி ஆக்குவது உண்டு. மற்ற நாட்களில் பாதை பழையபடி இருவழி. சட்டத்தின் ஒரு மாதச் சலுகைக்குள் அடங்கிவிடும் ஏற்பாடு இது. அந்த ஒரு மாதத்தில் பாதை எவ்வளவு நிம்மதியாக ஓடுகிறது என்பதைச் சேலத்து டிரைவர்களே சொல்வார்கள். வார இறுதி நாட்களுக்காவது இதை நிரந்தரமாக்கினால் என்ன என்ற கேள்விக்கு மலை மேல் கடை வைத்திருப்பவர்கள், ரிசார்ட் நடத்துபவர்கள், குப்பனூர் வழியில் உள்ள கிராமத்தார் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் அவரவர் வாசலிலிருந்து பார்த்தால் சரி.

உள்ளூர்ச் சாலைகளில் பலகைக்கும் அறிவிக்கைக்கும் காத்திராமல் மக்களே போட்டுக்கொண்ட வரம்பும் ஒன்று உண்டு. வேகத்தடைதான். இதற்கும் இந்திய சாலைகள் காங்கிரஸ் அளவு வைத்திருக்கிறது. அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், மேடு வட்டமாக இருக்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் வருபவருக்கு அது சும்மா ஒரு தாலாட்டு, அதற்கு மேல் வந்தால் தலை மோதும். நம் கிராமச் சாலைகளில் இந்த அளவில் ஒன்றைக் காட்டுபவருக்கு ஏற்காட்டுக் காபித்தூள் ஒரு கிலோ நானே வாங்கித் தருகிறேன். ஓரடி அகலத்தில் சுவர்போல் எழுப்பி, வெள்ளைக் கோடும் அடிக்காமல் விட்டால், பனியில் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு அதுவே ஆபத்து. ஆனாலும் ஊர்க்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை அடிபட்ட மறுநாள் ஊர் கூடிப் போடும் மேடு அது. முறையான அளவுப்படி போட்டுத் தர வேண்டியவர்கள் அதற்கு முந்தின நாள் வந்திருக்க வேண்டும்.

இறங்குவதற்கு இரண்டாவது வழி தந்த குப்பனூர்ப் பாதையைப் பற்றி இந்தத் தொடரில் இதுவரை எழுதவில்லை. கொட்டச்சேடு வழியாகக் கிழக்கே இறங்கும் அந்தப் பாதையையும், அதையொட்டிய கிராமங்களையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)